பதினெட்டால் வகுத்தல்

பாலினாவில் நான் போன் போட்ட மூன்று டாக்டர்களும்
புதிதாக யாரையும் எடுப்பதில்லை.
பட்டியலில் வேண்டுமானால் எழுதிக்கொள்கிறேன் என்றாள் ஒருத்தி.
பெயரைச் சொன்னேன்.
"எந்த லாஃப்டஸ்? பாலத்தடி லாஃப்டஸா?
உங்கப்பாவை நல்லாத் தெரியுமே!"
நாற்பத்தோராவது ஆள் நான்.

தங்கை க்ரோன்யாவின் ஃப்ரிட்ஜில்
வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நடுவே
ஹூஸ்டனில் வாங்கிய கடைசி இன்சுலின் பேனா.
இரவுக்கு இருபத்திரண்டு யூனிட்.
நாலு இரவு வரும்; குறைத்துப் போட்டால் ஐந்து.
குறைத்துத்தான் போடுகிறேன்.
அவளிடம் சொல்லவில்லை.

முகவரிக்குச் சான்று கேட்கிறார்கள்.
கரண்ட் பில் அவள் பெயரில்.
என் பெயரில் இந்த ஊரில் இருப்பது
பள்ளிக்கூடச் சுவரில் ஒரு கால்பந்து அணிப் படம்,
பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது.
அதற்கு ஜெராக்ஸ் செல்லாது.

மருந்துக்கடையில் ஃபோலாரின். லாகோஸ்காரர்.
"காலையில் எவ்வளவு இருந்தது?"
"இருநூற்று முப்பத்துநாலு."
ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே
ரசீதின் பின்பக்கம் பதினெட்டால் வகுத்தார்.
பதிமூன்று.
"இங்கே இப்படிச் சொல்லணும்.
எனக்கும் பழக ஒரு வருஷம் ஆச்சு."

அதே ரத்தம்தான்.
நான் போயிருந்தது பத்தொன்பது வருஷம்.
சும்மா வகுத்துப் பார்த்தேன்:
ஈவு ஒன்று, மீதி ஒன்று.

"ஒரு பேனா தருகிறேன். அதற்குள்
எப்படியாவது டாக்டர் சீட்டு வாங்கிவிடுங்கள்."
பதிவேட்டில் முகவரி என்று ஒரு கோடு.
பாலத்தடி என்று எழுதினேன்.
அவர் அடித்துத் திருத்தவில்லை.

வெளியே தூறல். கோட்டுக்குள் பேனா
ஐஸ் மாதிரி நெஞ்சில் குத்துகிறது.
இன்றிரவு முழுசாக இருபத்திரண்டு.