ஓர் ஒட்டுச்சொல்

கிரிம்ஸ்பியில் துறைமுகத்துக்குப் போகும் சாலை,
மீன்பெட்டிகளின் ஐஸ் உருகி வழியும் திருப்பம்.
அங்கே அந்த மருந்துக்கடை.
பலகையில் மங்கிய பொன்னெழுத்து: டிஸ்பென்சிங் கெமிஸ்ட்.
முதல் எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது,
யாரும் திருப்பி எழுதவில்லை.

மருந்து கொடுப்பதாக
லினெட் ஆக்ராய்ட் ஒருநாளும் சொன்னதில்லை.
கேக் கொடுக்கலாம், முத்தம் கொடுக்கலாம்,
பின்வீட்டுக்காரனுக்கு ஏணியைக் கொடுத்துவிட்டு
மறந்தும் போகலாம்.
இது டிஸ்பென்ஸ்.
கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு
சொல்லவேண்டிய வினைச்சொல்.
லத்தீன் தராசிலிருந்து இறங்கி வந்தது:
எடைபோட்டு, ஆளறிந்து, தருவது.

நாமானால் படியளப்பது என்போம்.
அந்த வேலைக்குக் கடவுளைத்தான் வைத்திருக்கிறோம்.
அங்கே முப்பத்தோரு வருடம்
லினெட் பார்த்தாள்,
பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு.

தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளுவாள்.
இழுவைப்படகு நோரிஸுக்கு
இரத்தம் உறையாமலிருக்க நீலம் ஒன்று, பழுப்பு இரண்டு.
ஷெரில் பேட்சனுக்குக் குட்டிக் கோப்பையில்
பச்சைத் திரவம், தினமும்.
விழுங்குவதைப் பார்க்கவேண்டும் என்பது விதி.
லினெட் தொண்டையை மட்டும் பார்ப்பாள்.

எதிரே நீதிமன்றம்.
நீதி வழங்கவும் இதே வினைச்சொல்தான்.
ஒரே வாரத்தில் இரண்டும் கிடைத்தது ஷெரிலுக்கு.
மருந்துதான் இனிப்பு என்றாள்.

மார்ச்சில் லீட்ஸிலிருந்து கடிதம்.
உங்கள் சேவையை, என்று தொடங்கி
அதே வினைச்சொல்,
வாலில் ஒரு சின்ன வித்.
டாக்டர் கிறுக்கலைப் படிப்பதுபோல்
மூன்று முறை படித்தாள்.
வித் என்றால் உடன்.
உடன் வந்து ஒட்டிக்கொண்டு
ஆளையே இல்லாமல் செய்துவிடுகிறது.

நான் சிரிக்க முடியாது.
என் மொழியிலும்
கை கொடுப்பது, கை விடுவது, கை கழுவுவது,
எல்லாம் ஒரே கை.

கடைசி நாள் மாலை அவளும் கழுவினாள்,
முழங்கைவரை, இருபது நொடி.
மூலையில் பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள்
புது எந்திரம். அதன் பெயர் டிஸ்பென்சர்.
கதவைப் பூட்டிய பிறகு
கண்ணாடியில் தட்டல்.
ஷெரில். நாலு நிமிடத் தாமதம்,
பஸ் வரவில்லையாம், ஒரு கால் ஷூவில் நாடா இல்லை.

லினெட் சாவியைத் திருப்பினாள்.
அளவில் ஒரு சொட்டு கூட்டவில்லை.
பதிவேட்டில் மட்டும்
ஐந்து இருபத்தொன்பது என்று எழுதினாள்.
பிறகு நிமிர்ந்து
ஷெரிலின் முகத்தைப் பார்த்தாள்.
உதட்டோரம் பச்சை.