கோளாறு ஏதும் இல்லை

அகரா சிக்னலில் பச்சை விழ
இன்னும் முப்பத்தெட்டு வினாடி இருந்தது.
என் கால் பிரேக்கின் மேல் இருந்தது.
இதை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
முன்னால் நின்ற பள்ளி வேனுக்கும் எனக்கும்
ஒரு பஸ் நீளம் இடைவெளி.
பெங்களூரில் அவ்வளவு இடம் விட்டதற்கே
பின்னால் மூன்று பேர் ஹாரனில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஜின் ஒரு தடவை இருமியது.
பிறகு யாரையும் கேட்காமல் கிளம்பியது.

மிதித்தேன். போனது.
எழுந்து நின்று மிதித்தேன். இன்னும் போனது.
வேனின் பின்கண்ணாடியில்
மூச்சு ஊதி, அந்தப் புகைமேல்
எதையோ வரைந்துகொண்டிருந்தது
ஒரு சின்ன விரல்.

நடைபாதைக் கல்லில் இடப்பக்கம் முழுவதும் தேய,
ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடுங்க,
கியர் எங்கோ போய் விழ,
நின்றபோது
நடுவில் ஒரு கொத்தமல்லிக் கட்டு நுழையும்.
விரல் வரைந்து முடித்திருந்தது.
மீன் என்று நினைக்கிறேன்.

ஓசூர் ரோடு சர்வீஸ் சென்டரில் காபி இலவசம்.
வண்டியின் தொப்புளில் வயரைச் சொருகி
லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார் பிரீத்தம்.
"நாலு வினாடி, ஆக்சிலரேட்டர் நூறு சதவீதம்.
பிரேக் பூஜ்யம்.
வண்டி பொய் சொல்லாது மேடம்."
அப்புறம், குரலைக் கொஞ்சம் இறக்கி,
"அன்னைக்கு என்ன செருப்பு போட்டிருந்தீங்க?"

இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறேன்.
பொய் சொல்ல வரும் எண்
எவ்வளவு மடிப்புக் கலையாமல் வரும் என்று தெரியும்.
ஆனாலும் அந்தப் பூஜ்யம் முறைத்தபோது
கண்ணைத் தாழ்த்தியது நான்தான்.

பக்கத்து நாற்காலியில் பொன்னப்பா, குடகுக்காரர்.
இறக்கத்தில் அவர் பிரேக்
தோசை மாவில் கால் விட்டாற்போல் உள்ளே போயிருக்கிறது.
அவர் கையிலும் அதே தாள், அதே முத்திரை.
ஒன்றும் பேசாமல்
தன் வலது ஷூவை என் வலது செருப்பின் அருகில் நகர்த்தி வைத்தார்.
தலைமையாசிரியர் அறை வாசலில்
முட்டி போட வைத்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல்
இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம்,
டோக்கன் எண் கூப்பிடும்வரை.

வீட்டில் சுதர்சன் அறிக்கையை இரண்டு முறை படித்தான்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து மகளை
அவனே பள்ளியில் விட ஆரம்பித்தான்.

இரவு, காலிடமே கேட்டேன்:
நீயா?
போர்வைக்குள் அது
பெருவிரலை மட்டும் அசைத்தது.
ஆமாம் என்றா, போடி என்றா,
தெரியவில்லை.
அதற்குப் பிறகு பதினொரு நாள்
ஒவ்வொரு சிக்னலிலும் வாய்விட்டுச் சொன்னேன்:
இது பிரேக். இது பிரேக்.
பக்கத்து ஆட்டோக்காரர், போனில் பேசுகிறேன் என்று
நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வாங்க வந்தான்
துமகூரு ரேவணசித்தா.
எல்லாவற்றையும் சொன்னேன்.
சிக்னல், வேன், மீன்.
விற்க வந்தவள் சொல்லக்கூடாத வரிசையில்.
அவன் பொறுமையாகக் கேட்டான்,
அறிக்கையைக் கேட்டு வாங்கினான்,
கடைசி வரியை விரலால் தொட்டுப் படித்தான்:
கோளாறு ஏதும் இல்லை.
என் செருப்பைப் பார்த்தான்.
சிரிக்காமல் இருக்க முயன்று
பத்தாயிரம் குறைத்தான்.
"கை மாறினா சரியாயிடும் மேடம்."

பேஸ்மென்ட்டில், பதினேழாம் எண் தூணருகில்,
சாவியைத் திருப்பினான்.
முன்சீட்டில் அவன் மனைவி
பெல்ட்டின் வாய் எங்கே என்று
குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.
இன்ஜின் ஒரு தடவை இருமியது.

சிமென்ட் தரையில் சும்மா நின்ற
என் வலது கால்
யாரையும் கேட்காமல்
பிரேக்கை மிதித்தது,
அடிவரை.