சான்றிதழ்ப்படி

நத்தம் ரோட்டில் இறங்கி
ஆட்டோவில் ஒன்றரை கிலோமீட்டர்.
கேட்டில் நோட்டில் கையெழுத்து,
அப்புறம் ஆளுக்கொரு டம்ளர் மோர்.
சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு
என் மகள் வயசுகூட இருக்காது.
"வாசப்படியே கிடையாதும்மா, எங்கயும் தடுக்காது" என்றாள்.
கக்கூஸ் சுவரில் கம்பி.
கட்டிலோரம் சிவப்புக் கயிறு, இழுத்தால் நர்ஸ்.
இவர் இழுத்துப் பார்த்தார்.
நிசமாகவே வந்தாள் ஒருத்தி, மூச்சிரைக்க.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்
இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பர் இவர்.
ஏழரைக்கு டிபன்
பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு
என்று சுவரில் ஒட்டியிருந்ததை
வாசித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
மணி பன்னிரண்டு நாற்பத்தாறு.
உள்ளே தட்டுச் சத்தம்.
அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு,
மனுசன் ஏறி உட்கார்ந்தாச்சு.

நான் ஏறவில்லை.
செல்லூரில் பத்தொன்பது படி ஏறி இறங்குகிறேன்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் பிடிக்கிறேன்.
கீழே தறிச் சத்தம், அடுத்த வீட்டில் கைப்பிள்ளை.
இங்கே எட்டு ஏக்கரில்
மயில் ஒன்றுதான் பிள்ளைமாதிரி கத்தியது.
பேரப்பிள்ளைகள்
வருஷத்துக்குப் பதினாலு நாள் தங்கலாமாம்.
"ராத்திரிக் கணக்கா, பகல் கணக்கா?" என்றேன்.
கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.
எங்களுக்குப் பேரப்பிள்ளை இன்னும் இல்லை.
இருந்தாலும் கேட்டு வைத்தேன்.

வேண்டாம் என்று சொல்ல
வார்த்தை கோத்துக்கொண்டிருந்தபோதுதான்
ஆதாரைப் புரட்டிய அந்தப் பெண்
"அம்மாவுக்கு வயசு பத்தலையே" என்றாள்.
ரெண்டு பேருக்குமே ஐம்பத்தைந்து நிறைந்திருக்கணுமாம்.

வயசு பத்தலை!
பெண் பார்க்க வந்தவர்கள் கூடுதல் என்றார்கள்.
மகளைச் சுமந்தபோது டாக்டரம்மாவும் அதையே சொன்னாள்.
பத்தலை என்று
இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில்
தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர்.
என் கை காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது.
"ரெண்டு குறைச்சே போடுங்க சார், பின்னாடி ஒதவும்"
என்றார் அப்பா.
வகுப்பு முழுக்க
ஜூன் மாசம் முதல் வாரத்தில் பிறந்தோம்.

ஒதவத்தான் செய்தது.
மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவு,
இருபத்தாறு வருஷமாக.
தேதி திருத்தணும் என்று வருகிறவர்களிடம்
"ஆதாரம் இருக்கா?" என்று கேட்பது நான்தான்.
நாளைக்கு என் தேதியைத் திருத்தினால்
ரெண்டு வருஷச் சம்பளம் போச்சு.

சான்றிதழ்ப்படி ஐம்பத்து மூணு.
முழங்கால்படி அறுபத்தாறு.
அம்மா சொன்னபடி ஐம்பத்தைந்தும் நாலு மாசமும்:
கிணற்றில் வேட்டு வைத்த மறுநாள் நான்.

பஸ்ஸில் இவர் பேசவேயில்லை.
ஊமச்சிகுளம் தாண்டியபிறகு
"ரெண்டு வருசந்தான" என்றார்.
ஐயர் பங்களாவில்
"அங்கருந்தே நீ ஆபீஸ் போயிரலாம்" என்றார்.
அதற்குமேல் செல்லூர்வரை ஜன்னல்.

ராத்திரி தண்ணீர் வந்தது.
ஆறு குடம், ரெண்டு டிரம்.
கையைத் துடைத்துவிட்டுத் தகரப்பெட்டியை இழுத்தேன்.
அடியில், பட்டுச்சேலைக்கும் கீழே,
ஓரம் செல்லரித்த ஜாதக நோட்டு.
அப்பா கையெழுத்து, வருஷம் சரியாக.

வேண்டாம் என்று சொல்லக் கோத்த வார்த்தைகள்
இன்னும் என்னிடம் அப்படியே இருக்கின்றன.
ஆனால் நான் சொல்லணும் அதை,
அவர்கள் எப்படிச் சொல்லலாம்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது.
"என்ன சத்தம்?" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.
நோட்டை மடியில் வைத்துக்கொண்டு
"தண்ணி வருது" என்றேன்.