சொல்வதை எழுதுபவர்

மூக்கையூர் கித்தேரியானுக்குத் தனி அறை,
ஒரு மணி நேரம் கூடுதல்,
எழுத என் கை.

விதி ஒன்றுதான்: அவன் சொன்னதை மட்டும்.
செருமக்கூடக் கூடாது நான்.

பதினேழாம் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன்.
ஜூன் முதல் செப்டம்பர் வரை
வீசும் காற்று எது?

தாளை அவன் பார்க்கவில்லை.
எழுத்துகள் அவனுக்கு நண்டுகள்,
குனிந்தால் வளைக்குள் ஓடிவிடும்.
முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி
கன்னத்தால் எதையோ கேட்டுவிட்டு
"கச்சான்" என்றான்.

விடைக்குறிப்பில் இருக்கும் சொல் வேறு.
அது, நீளமாக, என் பேனா நுனிவரை வந்து
நின்றது.

"எழுதியாச்சா சார்?"

கச்சான்.
புள்ளி இரண்டும் பிசகாமல் வைத்தேன்.
தாள் திருத்தும் ஊரில்
கடல் இல்லாமலும் போகலாம்.

"அடுத்ததை வாசிங்க" என்கிறான்,
காலாட்டிக்கொண்டே.