அன்னாள்

கஸ்தூரியார் வீதிப் பத்திரிகைக் கந்தோரில்
மரண அறிவித்தல்களை அடிக்கிறவள் நான்.
"அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் ஏக புத்திரியும்,
இன்னாரின் பாசமிகு மனைவியும்..."
நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு அன்னார்.
விரல் வழுக்கி ர் இருந்த இடத்தில் ள் விழுந்தால்
என் பெயர் அங்கே கிடக்கும்.

சுண்டுக்குளிக் கோவிலில் ஆர்மோனியம் வாசித்த அப்பா
வேதத்திலிருந்து எடுத்த பெயர்.
பிள்ளையில்லாத ஒருத்தி,
உதடு மட்டும் அசையச் செபித்தாள்.
ஆசாரியன் அவளைக் குடித்திருக்கிறாள் என்றான்.

எபிரேயத்தில் அது தொண்டையின் அடியில் தொடங்குமாம்,
கண்ணாடியைத் துடைக்குமுன் ஊதுகிற காற்றைப் போல.
ஹன்னா. கிருபை.
கூலியாக அல்லாமல் சும்மா கிடைப்பது.
வருகிற வழியில் அந்தக் காற்றை
எந்தக் கடலிலோ விட்டுவிட்டோம்.
மீந்த எழுத்துகளுக்கோ
இங்கே முன்பே ஒரு பொருள் இருந்தது:
அதைப் போன்றவள்.
"எதைப் போன்றவள்?" என்று
ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ரீச்சர் கேட்டா.
வகுப்பு சிரித்தது.
நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன செவ்வாய், கரண்ட் போய் வந்த நேரம்,
நவாலியிலிருந்து ஒருவர். நனைந்த சேட்டு.
கொப்பித் தாளில் அக்காவின் விபரம்:
அன்னாள் இராசமலர் தம்பிமுத்து.
மனைவியும் இல்லை, தாயாரும் இல்லை, மாமியும் இல்லை.
ஆகக் குறைந்த கட்டணத்துக்கு இரண்டு அங்குலம்,
அவ ஒன்றரையில் முடிந்துவிட்டா.
"வேற என்ன போடலாம், பிள்ளை?"

"அவ என்ன செய்வா?"
"ஒண்டுமில்லை." பிறகு யோசித்து,
"மீன் வாங்கினா, பூனையளுக்கெண்டு
ஆரும் விட்டிட்டுப் போன தலையளையும் கேட்டு வாங்குவா."
அதைப் போடுகிற வழக்கம் இல்லை.
இடம் இருந்தது.

எழுத்தெழுத்தாய் வாய்க்குள் சொல்லி ஒப்புநோக்கினேன்.
கடந்துபோன ஆசிரியர், "என்ன பிள்ளை,
தண்ணி கிண்ணி போட்டிட்டியோ?" என்று பகிடி விட்டார்.
அன்னார் வர வேண்டிய வரியில்
அன்னாள் என்றே விட்டேன்.
கீழே அரை அங்குலம் வெள்ளை.

மறுநாள் அவர் திரும்பி வந்தார்,
பத்திரிகையை நாலாய் மடித்துக்கொண்டு.
நான் எழும்பிவிட்டேன்.
"பிழை ஒண்டு கிடக்கு."
அவர் விரல் வயதில் நின்றது.
ஐம்பத்தெட்டை எண்பத்தைந்து என்று அடித்திருந்தேன்.

நாளைக்குத் திருத்தம் போடலாம், காசில்லை என்றேன்.
தாளை விரித்து மறுபடி பார்த்தார்.
"வேண்டாம். இருக்கட்டும்.
இருபத்தேழு வருசமெல்லே."
குனிந்து, காற்சட்டைக் காலில்
சைக்கிள் கிளிப்பை மாட்டினார்.