கண்கூசும் தூரம்

மூன்று டெசிபெல் என்றால் பாதி வெளிச்சம்.
வார்டோ மருத்துவமனைத் திரையில்
வைத்தியரின் முகம்
கட்டம் கட்டமாக உடைகிறது.

வாட்ஸோ நிலையத்தில் ரவ்ட்னா
இழைக்குள் துடிப்பை அனுப்பிப் பார்த்தாள்:
எழுபத்திரண்டு கிலோமீட்டரும் ஒரே சாய்கோடு,
பள்ளம் என்று ஒன்றில்லை.
கருவியின் வாசலில் மட்டும்
தன் ஒளியில் தானே கண்கூசி
அது எதையும் பார்க்காத
சில மீட்டர்கள்.

வண்டியை எடுத்தாள்.
நண்பகலிலும் இருட்டு. வலப்பக்கம் கடலின் சத்தம்.
மறுமுனையில் நின்று மறுபடி அளந்தாள்.

கோட்டின் கடைசியில்,
அவள் கிளம்பி வந்த அறையில்தான்
தொலைந்திருந்தது அந்தப் பாதி.

திரும்பி வந்து
இணைப்பின் நுனியை நுண்ணோக்கியில் வைத்தாள்.
எண்ணெய்ப் பிசுக்கு,
ஒரு விரலின் ஓரம்.

செவ்வாயன்று கையுறையைக் கழற்றியது
யாரென்று அவளுக்குத் தெரியும்.