கட்டம் இல்லாத கனம்

தேர்தல் அறிவித்த மறுநாள்
அருமனை ஸ்டேஷன் மேசைமேல்
கைத்துப்பாக்கியை வைக்கிறார் டென்னிசன்.
தேங்காய்போலத் தூக்கிப் பார்க்கிறாள் ரைட்டர் சுஜிலா.
"நல்ல கனம், சாரே."
"முழு உருக்கு. கம்பெனி நிறுத்தியாச்சு.
இப்போ வாற பாடியெல்லாம் பிளாஸ்டிக்."
"திரும்பச் செய்வானா?"
"செய்வான், செய்வான்னு
ஒம்பது வருசமா சொல்லியாச்சு."

வெளியே
சிரட்டை போய்
பிளாஸ்டிக் கிண்ணம் கட்டிய ரப்பர் மரங்கள்.
பாலில் மழை விழுகிறது.

பதிவேட்டில் எண், நீளம், நிறம்.
கனத்துக்குக் கட்டம் இல்லை.
"கடைசியா எப்போ சுட்டீங்க?"
"சுட்டதே இல்ல பிள்ளே.
தலையணைக்கு அடியில
பாரமா கெடந்தா உறக்கம் வரும்.
புதுசு கனக்காது."

ரசீதை நாலாய் மடித்துப் போனார்.

அன்றிரவு அந்த இடத்தில்
கத்தி தீட்டும் கல்லை வைத்துப் படுத்தார்.
எடை
கொஞ்சம் குறைவு.